இறைவன் தம்மை மனிதனுக்கு வெளிப்படுத்துவது எவ்வாறு? கிறிஸ்தவ நம்பிக்கை பற்றிய ஒரு விளக்கம்

இறைவன் மனிதனிடமிருந்து முற்றாக மறைந்திருப்பவர் அல்லர். ஏதோ ஒரு வகையில் அவர் தம்மை மனிதனுக்கு அறியத் தருகின்றார் என்ற நம்பிக்கை, இந்நாட்டில் வாழும் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் ஆகிய மூன்று சாராருக்கும் பொதுவானதாகும். எனினும், அவர் எவ்வாறு தம்மை அறியத் தருகின்றார் என்ற வினாவுக்கு மூன்று சமயங்களும் தரும் விடைகள் ஒன்றல்ல. அவ்விடைகளை அவற்றுக்குரிய இடத்தில் வைத்து விளங்கிக்கொள்ளாத காரணத்தினால், அயலவரின் சமயத்தை நம்முடைய சமயத்தின் அளவுகோலைக் கொண்டே நாம் பெரும்பாலும் அளந்துவிடுகின்றோம்.

இதற்கு ஓர் உதாரணத்தைக் குறிப்பிடலாம். முஸ்லிம்களுக்கு அல்குர்ஆன் எவ்வாறோ, சைவர்களுக்கு வேத ஆகமங்கள் எவ்வாறோ, அவ்வாறே கிறிஸ்தவர்களுக்கு விவிலியம் என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. மேலோட்டமாக நோக்குகையில் இது சரியென்றே தோன்றும். ஆனால் கிறிஸ்தவ இறையியலின்படி இந்த ஒப்பீடு தவறான இடத்தில் தொடங்குகின்றது. கிறிஸ்தவத்தில் இறை வெளிப்பாட்டின் மையம் ஒரு நூல் அன்று. அது ஓர் ஆள். இந்த ஒரு விடயத்தை விளங்கிக்கொண்டால் கிறிஸ்தவர்களின் வழிபாடு, மறைநூலை அவர்கள் கையாளும் முறை, அவர்களுக்கிடையே நிலவும் பிணக்குகள் ஆகிய பலவும் தெளிவாகிவிடும்.

வெளிப்பாடு என்பதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் வழங்கும் சொல், மூடியிருக்கும் திரையை விலக்குதல் என்ற பொருளைத் தருவதாகும். திரையை விலக்குபவர் இறைவனே என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் தொடக்கப் புள்ளி எனலாம். மனிதன் தன் தேடலினால் இறைவனைக் கண்டுபிடித்தான் என்று கிறிஸ்தவம் கூறுவதில்லை. இறைவனே முந்திக்கொண்டு மனிதனைத் தேடி வந்தார் என்றே அது கூறுகின்றது.

படைப்பும் பகுத்தறிவும்

இந்த வெளிப்பாட்டை இறையியலாளர்கள் இரு வகையாகப் பிரித்து நோக்குவர். முதலாவது பொது வெளிப்பாடு. வானமும் பூமியும், இயற்கையின் ஒழுங்கும், மனிதனின் மனச்சாட்சியும் படைத்தவரைச் சுட்டிக்காட்டுகின்றன என்பது அதன் பொருள். வானங்கள் இறைவனின் மகிமையைப் பறைசாற்றுவதாக 19ஆம் சங்கீதம் பாடுகின்றது. கண்ணுக்குப் புலப்படாத இறைவனின் வல்லமையைப் படைப்பினூடாக எல்லா மக்களும் உணரக்கூடியதாக உள்ளதென்று உரோமருக்கு எழுதிய கடிதத்தில் புனித பவுல் வாதிடுகின்றார். இறைவனின் அத்தாட்சிகள் படைப்பெங்கும் காணப்படுவதாக அல்குர்ஆன் திரும்பத் திரும்ப நினைவூட்டுவதை அறிந்த முஸ்லிம் வாசகர்களுக்கு இக்கருத்துப் புதியதன்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவைனஸ், பகுத்தறிவின் துணைகொண்டே இறைவன் உளர் என்ற முடிவுக்கு மனிதன் வரமுடியும் எனக் காட்ட முற்பட்டார். 1870ஆம் ஆண்டு முதலாவது வத்திக்கான் சங்கம் இதனைக் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையாகவே பிரகடனம் செய்தது. ஆயினும், இவ்வறிவுக்கு எல்லை உண்டு என்பதை அக்குவைனஸும் அச்சங்கமும் மறுக்கவில்லை. ஒரு வீட்டைப் பார்த்து அதனைக் கட்டியவர் ஒருவர் இருக்கின்றார் என்றும், அவர் திறமைசாலி என்றும் நாம் ஊகிக்கலாம். அவர் நம்மை நேசிக்கின்றாரா, நமது பிழைகளை மன்னிப்பாரா என்பதை வீட்டின் சுவர்கள் கூறமாட்டா. அதனை அவரே வந்து கூறவேண்டும்.

வரலாற்றில் பேசும் இறைவன்

அவ்வாறு இறைவனே வந்து கூறுவதுதான் இரண்டாவது வகையான சிறப்பு வெளிப்பாடு. இது குறிப்பிட்ட ஒரு மக்களின் வரலாற்றினூடாக நிகழ்ந்தது என்பது கிறிஸ்தவர்கள் யூதர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட நம்பிக்கையாகும். ஆபிரகாம் அழைக்கப்படுகின்றார். எரிந்தும் கருகாத முட்செடியிலிருந்து மோசே இறைவனின் குரலைக் கேட்கின்றார். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்கள் விடுவிக்கப்படுகின்றனர். இப்றாஹீம் நபி, மூஸா நபி என இவர்களை முஸ்லிம்களும் போற்றுகின்றனர்.

இங்கு இறைவன் தம்மைப் பற்றிய தத்துவ விளக்கம் எதனையும் முதலில் வழங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அடிமைகளின் அழுகுரலைக் கேட்டவராக, அவர்களை விடுவிப்பவராக, அவர்களோடு உடன்படிக்கை செய்பவராகத் தம்மை அவர் காட்டுகின்றார். அவர் எத்தகையவர் என்பது அவருடைய செயலிலிருந்தே அறியப்படுகின்றது. பின்னர் தோன்றிய இறைவாக்கினர்கள், ஏழைகளை நசுக்கிக்கொண்டு பலிகளைச் செலுத்துவோரின் வழிபாட்டை அந்த இறைவன் ஏற்பதில்லை என்று மன்னர்களின் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தனர். பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் காணப்படாத இறைவனை, அவற்றின் பின்னர் வந்த மெல்லிய ஓசையில் எலியா உணர்ந்ததாக அரசர்கள் நூல் கூறுகின்றது. ஆர்ப்பாட்டமான நிகழ்வுகள் யாவும் இறைவனின் குரல் ஆகிவிடா என்ற எச்சரிக்கை அக்கதையிலேயே அடங்கியுள்ளது.

வார்த்தை மனிதரானார்

இவ்வாறு பல காலங்களில் பல வழிகளில் பேசிய இறைவன், முடிவாக இயேசு கிறிஸ்துவில் முழுமையாகப் பேசினார் என்பதே கிறிஸ்தவத்துக்கே உரிய நம்பிக்கையாகும். எபிரேயருக்கு எழுதப்பட்ட கடிதம் இக்கருத்தோடுதான் தொடங்குகின்றது. யோவான் நற்செய்தி இன்னும் ஒரு படி மேலே சென்று, இறைவனோடு தொடக்கம் முதல் இருந்த வார்த்தையே மனிதராகி மக்களிடையே குடிகொண்டது என்கின்றது. இயேசு இறைவனிடமிருந்து ஒரு செய்தியைக் கொண்டுவந்தவர் மட்டும் அல்லர். அவரே அந்தச் செய்தி என்பது இதன் பொருள். அவர் நோயுற்றோரைத் தொட்டதும், பாவிகள் என ஒதுக்கப்பட்டோருடன் பந்தியமர்ந்ததும், தம்மைச் சிலுவையில் அறைந்தோரை மன்னித்ததும் இறைவன் எத்தகையவர் என்பதைக் காட்டும் செயல்கள் எனக் கிறிஸ்தவர்கள் கருதுகின்றனர்.

கனடிய சமய ஆய்வாளரான வில்பிரட் கான்ட்வெல் ஸ்மித், இஸ்லாத்தில் அல்குர்ஆன் வகிக்கும் இடத்துக்கு ஒப்பானது கிறிஸ்தவத்தில் விவிலியத்தின் இடமன்று, கிறிஸ்துவின் இடமே என்று சுட்டிக்காட்டினார். முஸ்லிம்களின் நம்பிக்கைப்படி அல்லாஹ்வின் வார்த்தை முஹம்மத் நபி (ஸல்) அவர்களுக்கு அரபு மொழியில் வஹீயாக அருளப்பட்டு நூல் வடிவம் பெற்றது. கிறிஸ்தவர்களின் நம்பிக்கைப்படி இறைவனின் வார்த்தை ஒரு மனித வாழ்வாக வடிவம் பெற்றது. ஈஸா நபியை அல்லாஹ்விடமிருந்தான ஒரு வார்த்தை என்று அல்குர்ஆனும் குறிப்பிடுகின்றது. ஆனால் அவர் இறைமகன் என்ற கருத்தை அது திட்டவட்டமாக மறுக்கின்றது. சைவ சித்தாந்தத்தில் இறைவனே குருவாக எழுந்தருளிப் பக்குவப்பட்ட ஆன்மாவுக்கு உணர்த்துவார் என்ற கோட்பாடு உண்டு. அது பல குருமாரில் நிகழக்கூடியது. கிறிஸ்தவமோ ஒரே முறை, ஒரே ஆளில் என்கின்றது. ஒற்றுமை எங்கே முடிந்து வேற்றுமை எங்கே தொடங்குகின்றது என்பதை இவ்விடத்தில் தெளிவாகக் காணலாம்.

அப்படியாயின் விவிலியம் எது?

வெளிப்பாட்டின் மையம் கிறிஸ்து எனில், விவிலியம் அதற்குரிய சாட்சியாகும். இறைவனின் ஏவுதலால் மனிதர்கள் தத்தம் மொழியிலும் நடையிலும் எழுதிய நூல்களின் தொகுதியே அது. புரட்டஸ்தாந்து திருச்சபைகள் 66 நூல்களையும், கத்தோலிக்கத் திருச்சபை 73 நூல்களையும் ஏற்றுக்கொள்கின்றன. இயேசுவின் வாழ்வைக் கூறும் நற்செய்தி நூல்கள் மாத்திரம் நான்கு உள்ளன. தொடக்கம் முதல் நடந்தவற்றை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தி எழுதுவதாகத் தமது நற்செய்தியின் முன்னுரையிலேயே லூக்கா தெரிவிக்கின்றார். எழுதியவரின் உழைப்பும் இறைவனின் ஏவுதலும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல என்பதே கிறிஸ்தவர்களின் நிலைப்பாடு.

இயேசு பேசிய மொழி அரமேயம். நற்செய்திகளோ கிரேக்கத்தில் எழுதப்பட்டன. எனவே அவருடைய சொற்களே கிறிஸ்தவர்களுக்குப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாகத்தான் கிடைத்துள்ளன. அல்குர்ஆனின் அரபு மூலமே அல்குர்ஆன். ஏனையவை அதன் பொருள் விளக்கங்கள் என்று முஸ்லிம்கள் கொள்வதோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். கிறிஸ்தவர்கள் சென்ற இடமெல்லாம் விவிலியத்தை அந்தந்த மொழியில் பெயர்த்தமைக்கும் இதுவே அடிப்படையாகும். சீகன்பால்க் தமிழாக்கம் செய்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சிடப்பட்டு 1715இல் நிறைவுபெற்றது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் உறுதுணையாக நின்றவர், பின்னாளில் சைவத்தின் காவலராகப் போற்றப்பட்ட ஆறுமுக நாவலர் ஆவார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. கிறிஸ்தவத்தின் கொள்கையை ஏற்காத ஒருவரும் அதன் நூலுக்கு நல்ல தமிழ் அமைய உழைக்க முடிந்தது என்பது நமது வரலாற்றின் பெறுமதிமிக்க ஒரு பக்கமாகும்.

திருச்சபைகளுக்கு இடையிலான பிணக்கு

இந்தச் சாட்சியை விளக்கும் உரிமை யாருக்குரியது என்ற வினாவே பதினாறாம் நூற்றாண்டில் மேற்குலகத் திருச்சபை பிளவுபட்டமைக்கான முக்கிய காரணங்களுள் ஒன்று. மறைநூல் ஒன்றே இறுதி அதிகாரம் என்றார் மார்ட்டின் லூதர். மறைநூலோடு திருத்தூதர் வழிவந்த மரபையும் சமமான பயபக்தியோடு ஏற்கவேண்டும் என்று 1546இல் திரெந்து சங்கம் பதிலளித்தது.

நான்கு நூற்றாண்டுகளின் பின்னர் இவ்விவாதம் இரண்டாவது வத்திக்கான் சங்கத்தில் மீண்டும் எழுந்தது. வெளிப்பாட்டின் ஊற்றுகள் இரண்டு என்ற அடிப்படையில் தயாரிக்கப்பட்ட வரைவு 1962 நவம்பரில் ஆயர்களின் முன் வைக்கப்பட்டபோது, அவர்களுள் பெரும்பான்மையினர் அதனை விரும்பவில்லை. விவாதத்தை நிறுத்துவதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் சிறு எண்ணிக்கையால் கிடைக்காமற்போன நிலையில், பாப்பரசர் 23ஆம் அருளப்பர் தாமே தலையிட்டு அவ்வரைவை மீளப்பெறச் செய்தார். மூன்று ஆண்டுகள் நீடித்த திருத்தங்களின் பின் 1965 நவம்பர் 18ஆம் திகதி, 2344 வாக்குகள் ஆதரவாகவும் 6 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட, இறை வெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு நிறைவேறியது. இறைவன் சில உண்மைகளின் பட்டியலை வழங்குகின்றார் என்பதிலும் பார்க்க, தம்மையே வழங்கி மனிதரை நண்பர்களாகக் கருதி உரையாடுகின்றார் என்பதை அது முதன்மைப்படுத்தியது. மறைநூலும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து பெருகுவன என்றும் அது விளக்கியது.

'இறைவன் கூறினார்' எனச் சொல்லும் அதிகாரம்

இவையெல்லாம் இறையியல் அறிஞர்களின் ஏட்டுச் சர்ச்சை எனச் சிலர் கருதக்கூடும். அவ்வாறன்று என்பதற்கு 1930களின் ஜேர்மனி சான்று பகர்கின்றது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, 'ஜேர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கத்தினர் ஜேர்மன் இனத்தின் எழுச்சியிலும் அதன் தலைவரிலும் இறைவனின் வெளிப்பாட்டைக் கண்டதாகக் கூறினர். யூத வம்சாவளியினரைத் திருச்சபைப் பதவிகளிலிருந்து விலக்கவும் அவர்கள் முற்பட்டனர். இரத்தமும் மண்ணும் வரலாறும் இறைவனின் குரல்களாகிவிட்டன.

இதனை எதிர்த்த புரட்டஸ்தாந்துத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் 1934 மே மாத இறுதியில் பார்மன் நகரில் கூடி ஒரு பிரகடனத்தை வெளியிட்டனர். அதனைப் பெருமளவில் வரைந்தவர் சுவிற்சர்லாந்து இறையியலாளரான கார்ள் பார்த். இறைவனின் ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே. வேறெந்த நிகழ்வையும் வல்லமையையும் மனிதரையும் இறை வெளிப்பாடாகத் திருச்சபை ஏற்காது என்பது அதன் முதற் கூற்றின் சாரமாகும். ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த பார்த், 1935இல் தமது பேராசிரியர் பதவியை இழந்து நாடு திரும்ப நேர்ந்தது. அப்பிரகடனம் யூதர்களின் நிலை பற்றி எதனையும் கூறாமை ஒரு பெருங்குறை என்பதையும் இங்கு குறிப்பிடவேண்டும். தென்னாபிரிக்காவிலும் இனங்கள் பிரிந்து வாழ்வது படைப்பின் ஒழுங்கே என்று வாதிட்ட கிறிஸ்தவர்கள் இருந்தனர். அதனை மறுத்து எழுந்த பெல்ஹார் விசுவாச அறிக்கை 1986இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இயற்கையிலும் வரலாற்றிலும் இறைவனைக் காணலாம் என்ற பொது வெளிப்பாட்டுக் கொள்கை, கிறிஸ்து என்ற உரைகல் இன்றிக் கையாளப்பட்டால் எத்தகைய ஆபத்தில் முடியும் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன. காட்சிகள், தனிப்பட்ட தரிசனங்கள் ஆகியவற்றுக்கும் இவ்வுரைகல்லே பொருந்தும். 1858இல் லூர்து நகரிலும் 1917இல் பாத்திமாவிலும் அன்னை மரியாள் தோன்றியதைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொண்டுள்ள போதிலும், அவற்றை நம்பியே ஆகவேண்டும் என்று அது எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அவை கிறிஸ்துவில் நிறைவுற்ற வெளிப்பாட்டோடு எதனையும் கூட்டுவனவல்ல என்பதே அதன் போதனை. ஆகவே, 'இறைவன் என்னிடம் கூறினார்' என்று ஒரு போதகர் முழங்கும்போது, அக்கூற்று மன்னிப்பையும் ஏழைகளின் நலனையும் முன்வைத்த அந்த நாசரேத்து மனிதரோடு பொருந்துகின்றதா என்று வினவும் உரிமையும் கடமையும் சாதாரண விசுவாசிக்கும் உண்டு.

இறைவன் மௌனமாக இருக்கும்போது

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் நிகழ்த்தப்பட்ட குண்டுத் தாக்குதல்களில் 250இற்கும் மேற்பட்டோர் பலியாகினர். வழிபடச் சென்றோரையே இறைவன் காக்கவில்லையே என்ற கேள்வி அன்று பலரின் உள்ளங்களில் எழுந்தது. சமயத்தின் பெயரால் நடத்தப்பட்ட அக்கொடூரத்தை இந்நாட்டு முஸ்லிம்களும் வன்மையாகக் கண்டித்தனர். இறைவனின் பெயரைச் சொல்வதனால் மட்டும் ஒரு செயல் இறைவனுடையது ஆகிவிடாது என்பதில் எல்லாச் சமயத்தவரும் அன்று ஒன்றாக நின்றனர்.

அந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவத்திடம் சுலபமான விடை கிடையாது. இறைவன் மறைந்திருப்பவர் என்று ஏசாயா இறைவாக்கினரே கூறியிருக்கின்றார். 1518இல் ஹைடல்பேர்க்கில் நடைபெற்ற விவாதத்தில், இறைவனை வெற்றியிலும் மகிமையிலும் தேடுவோர் அவரைத் தவறவிடுகின்றனர். அவர் துன்பத்திலும் சிலுவையிலுமே அறியப்படுகின்றார் என லூதர் வாதிட்டார். சிலுவையில் தொங்கிய இயேசுவும் தாம் கைவிடப்பட்டதாகக் கதறினார் என்பதை நற்செய்திகள் மறைக்கவில்லை. துன்பத்துக்கான காரணத்தை இறைவன் வெளிப்படுத்தினார் என்று கிறிஸ்தவம் சொல்லத் துணிவதில்லை. துன்புறுவோர் நடுவே தாம் இருப்பதை அவர் வெளிப்படுத்தினார் என்பதோடு அது நின்றுவிடுகின்றது. தமது அன்புக்குரியோரை இழந்தவர்களுக்கு இது போதுமானதா என்பதை அவர்களே கூறவேண்டும்.

ஏனைய சமயங்களில் இறைவன் பேசவில்லையா?

கிறிஸ்துவில் இறைவன் முழுமையாகப் பேசிவிட்டார் எனில், ஏனைய சமயத்தவருக்கு அவர் எதுவும் கூறவில்லையா என்ற வினா இயல்பாகவே எழும். 1965 ஒக்டோபர் 28ஆம் திகதி வெளியான வத்திக்கான் சங்கத்தின் பிரகடனமொன்று, ஏனைய சமயங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் உள்ள எதனையும் திருச்சபை புறந்தள்ளுவதில்லை என்று அறிவித்தது. ஏக இறைவனை வழிபடும் முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குவதாகவும், இந்துக்களின் தியானத்தையும் பக்தியையும் பாராட்டியும் அது பேசியது. புரட்டஸ்தாந்துச் சபைகளிடையே இது குறித்து ஒருமித்த கருத்து இன்றுவரை இல்லை.

இவ்வினா நமது நாட்டில் ஒரு குருவானவரின் வாழ்வையே உலுக்கியது. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார், ஆசியச் சமயங்களின் நடுவே வாழும் ஒருவராகக் கிறிஸ்தவக் கோட்பாடுகள் சிலவற்றை மீளாய்வு செய்து, மரியாளும் மனித விடுதலையும் பற்றி 1990இல் ஒரு நூலை வெளியிட்டார். கிறிஸ்துவில் நிகழ்ந்த வெளிப்பாட்டின் தனித்துவத்தை அந்நூல் ஏனைய சமயங்களின் நிலைக்குச் சமப்படுத்துகின்றது என்பது வத்திக்கானின் குற்றச்சாட்டுகளுள் ஒன்றாக அமைந்தது. 1997 ஜனவரியில் அவர் திருச்சபையிலிருந்து புறந்தள்ளப்பட்டார். உலகின் பல பாகங்களிலும் எழுந்த எதிர்ப்பையும், பின்னர் நடந்த பேச்சுவார்த்தைகளையும் தொடர்ந்து 1998 ஜனவரியில் அத்தடை நீக்கப்பட்டது. 2013இல் அவர் காலமானார். கிறிஸ்துவின் தனித்துவத்தை விட்டுக்கொடுக்காமல் அயலவரின் நம்பிக்கையை மதிப்பது எப்படி என்ற கேள்வி அவரோடு மறையவில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துரைத்தவற்றை முஸ்லிம் வாசகரோ இந்து வாசகரோ ஏற்கவேண்டும் என்ற அவசியம் இல்லை. மனிதர் ஒருவரை இறைவனின் வார்த்தை என வணங்குவது தவ்ஹீதுக்கு முரணானது என்றே முஸ்லிம்கள் கூறுவர். ஒருமுறைதானா, ஓரிடத்தில்தானா என்று சைவர்கள் வினவுவர். அவ்வினாக்களுக்குக் கிறிஸ்தவர்கள் விடையளிக்கக் கடமைப்பட்டவர்களே. ஆனால் அயல் வீட்டார் நம்பாத ஒன்றை நம்புகின்றனர் எனக் கூறி அதனை மறுப்பதனால் எவருக்கும் பயன் இல்லை. அவர்கள் உண்மையில் எதனை நம்புகின்றார்கள் என்பதை அறிந்த பின்னர் எழும் கருத்து வேறுபாடு நேர்மையானதாக இருக்கும். பல சமயத்தவர் ஒரே தெருவில் வாழும் இந்நாட்டில் அத்தகைய நேர்மையான கருத்து வேறுபாடு நமக்குப் பெரிதும் வேண்டியதாகும்.